கடற்கரையில் ஒரு மகன்

மணப்பாட்டுக் கடற்கரையில் ரமீஜா ஒரு மகனையும் மருமகளையும் தேடிக்கொண்டிருந்தாள். யார் பெற்ற பிள்ளைகளாக இருந்தாலும் சரி, போட்டோவுக்கு நின்றால் போதும்.

சொந்த மகன் சல்மான் சென்னையில் இருக்கிறான். ஹஸீனாவைக் கல்யாணம் பண்ணி ஒரு வருஷம். இரண்டு பேருமாக வந்து அம்மாவை இரண்டு நாள் கடலுக்குக் கூட்டிப்போகிறோம் என்று அவன்தான் ஆசை காட்டினான். கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிவிட்டான்.

அதற்குள் ரமீஜா ஷெட் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

ராஜபாளையத்துக்கு வெளியே, பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி ஷெட் அது. பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கைச்சாடைதான். அந்தச் சாடையிலேயே சேதி கடைசித் தறி வரைக்கும் போயிருந்தது. இனி மகன் வரவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடக்கவும் வழியில்லை. தெருவில் பாதிப் பேர் அந்த ஷெட்டில்தான் வேலை பார்க்கிறார்கள்.

ஆகவே, மகனும் மருமகளும் நேராகக் கடலுக்கே வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிவிட்டாள்.

அவள் தறிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அடுத்த தறிக்காரி மாரிச்செல்வி, அதே தெருக்காரி, கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒன்று சொன்னாள். "எக்கா, மகன் மருமவளோட நிக்கிற போட்டா ஒண்ணு அனுப்பிருங்க. ஒண்ணு ரெண்டு பேரு நம்ப மாட்டேங்காளுவ."

நேற்று ராத்திரி திருச்செந்தூர் லாட்ஜில் தனிப் பொம்பளைக்கு ரூம் தர யோசித்தார்கள். காலையில் மகன் வந்துவிடுவான் என்று சொன்னாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

விடிந்ததும் மணப்பாடு வந்து, மணல்மேட்டுக் கோயில் வரைக்கும் ஏறி இறங்கினாள். கடலை ஒட்டிய குகைக்குள் ஒரு கிணறு. தண்ணீர் உப்புக் கரிக்கவே இல்லை. இந்த அதிசயத்தைச் சொல்லலாம் என்று திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை.

கடல் பெரிதாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரியதை ஒற்றை ஆளாகப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

காலையிலிருந்து சல்மான் ஆறு தடவை கூப்பிட்டுவிட்டான். அவள் எடுக்கவில்லை. அவன் அனுப்பியிருந்த குரல் பதிவையும் கேட்கவில்லை. லீவு கிடைக்காதவனுக்குப் பேச மட்டும் நேரம் கிடைக்குதாக்கும்.

கடைசியில்தான் ஒரு இளம் ஜோடி கண்ணில் பட்டது. பையன் தொப்பியும் கூலிங்கிளாசும் போட்டிருந்தான். பாதி முகம் தெரியவில்லை, அதுவே வசதி. அலைச்சத்தத்தில் கூப்பிடத் தோன்றாமல், தறிப் பழக்கத்தில் ரமீஜா கையாலேயே கேட்டாள். நீ, நீ, நான், ஒரு படம்.

"ஜோயல், இந்தம்மாவுக்கு வாய் பேச வராது போல, பாவம்" என்றாள் அந்தப் பெண் பையனிடம்.

ரமீஜாவுக்கு அது நன்றாகவே கேட்டது. திருத்தவில்லை. பேசினால் எதற்குப் படம் என்று கேட்பார்கள், இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும்.

தன் முக்காட்டைத் தொட்டுக் காட்டி, அந்தப் பெண்ணின் துப்பட்டாவையும் காட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு ரமீஜாவின் தோளைச் சுற்றிக் கை போட்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றாள். ரமீஜாவின் போனை வாங்கி ஜோயல் கையை நீட்டிப் படம் எடுத்தான்.

படம் எடுத்த பிறகும் அந்தப் பெண்ணின் கை செத்த நேரம் தோளிலேயே இருந்தது. கையை எடுக்காமலே இருந்தால் என்ன என்று ரமீஜா ஏங்கினாள்.

அவர்கள் போன பிறகு படத்தை மாரிச்செல்விக்கு அனுப்பினாள். அப்போது மணி பதினொன்று.

பதில் உடனே குரல் பதிவாகவே வந்தது. ஷெட் வாசலுக்கு வந்து பேசியிருந்தாள் போல, பின்னால் தறிகள் இரைவது லேசாகக் கேட்டது. "போட்டா வந்துருச்சுக்கா. மகனும் மருமவளும் ராசா ராணி கணக்கா இருக்காவ. எல்லாத்துக்கும் காட்டிட்டேன், ஒருத்தியும் வாயத் தெறக்கலயே."

ரமீஜா அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மானம் தப்பியது. ஜெயித்த தெம்பில், போனால் போகிறது என்று, சல்மான் அனுப்பியிருந்த குரல் பதிவையும் தட்டினாள்.

"அம்மா, ஏன் போன எடுக்க மாட்டேங்கிறீங்க? சண்ட போட்டு லீவு வாங்கிட்டேன். உங்களக் கூட்டிப் போலாம்னு நானும் ஹஸீனாவும் காலைல வந்து எறங்குனா, வீடு பூட்டிக் கெடக்கு. மாரிச்செல்வியக்கா எங்கள அவிய வீட்டுக்குள்ள உக்கார வச்சுட்டு, நான் சொல்ற வரைக்கும் தெருவுல தலயக் காட்டாதீங்கன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாவ. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காவ. நீங்க எங்கம்மா இருக்கீங்க, தனியாவா?"

அந்தக் குரல் பதிவு வந்திருந்த நேரம் காலை எட்டேகால்.

ராசா ராணி கணக்காக இருக்கிறார்கள் என்று மாரிச்செல்வி வாய் நிறையச் சொன்னபோது, சல்மானும் ஹஸீனாவும் அவள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் சுட்டு வைத்துவிட்டுப் போன தோசையைச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.