பண்டாரவளைக்குப் போன படங்கள்

“ஒண்ணு அவ இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும் டீச்சர்” என்றான் ரமேஸ்.

கையில் இருந்த போனை மேசைமேல் வைத்தான். போன் சுபாஜினியுடையது, சரியாகச் சொன்னால் அவள் அம்மாவுடையது.

தெமோதரைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. வெளியே தை மாதக் குளிரும் மூடுபனியும். உள்ளே ரோபோ டீம் பிள்ளைகள் ஐந்து பேரும் விஜிதா டீச்சரும்.

வழக்கமாக இது சந்தோஷமான நேரம். போட்டிக்குத் தயாராகத் தொடங்கிய நாளிலிருந்து டீச்சர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். வெள்ளிதோறும் ஆளுக்கு ஒரு சின்ன வெற்றி சொல்ல வேண்டும். அதைக் கரும்பலகையின் மூலையில் பேரோடு எழுதுவார், எல்லாரும் கைதட்டுவார்கள். ‘சக்கரம் வழுக்குவது நின்றது – ரமேஸ்’ என்ற வரி மூன்று வாரமாக அங்கே இருக்கிறது. டீம் லீடர் ரமேஸ் அது கண்ணில் படுகிற மாதிரிதான் உட்காருவான்.

இன்று ரோபோ ஓடுவதை வீடியோ எடுக்க சுபாஜினியின் போனை வாங்கியவன், அதில் இருந்ததைப் பார்த்துவிட்டான். பண்டாரவளைப் பள்ளிக்கூடத்து டீமில் இருக்கும் றஷீதாவுக்கு இவர்களுடைய ரோபோவின் படங்கள் போயிருந்தன. மேல் பக்கம், அடிப்பக்கம், வயர் வயராக. போன வருஷம் முதலிடம் அடித்தது பண்டாரவளைதான். பதுளையில் போட்டிக்கு இன்னும் எட்டு நாள்.

“இந்தத் தோட்டத்துல இருந்து இதுக்கு முன்னாடி யாரும் போட்டிக்குப் போனதில்ல. நம்ம வேலைய எல்லாம் தூக்கி அவங்களுக்குக் குடுத்திட்டா டீச்சர்.”

பாவம், அவனுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முன்னால் நின்றது. கலாராணி, சுபாஜினிக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நேற்றுவரை இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டி.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கிவிடும்.

“அனுப்பினது நீதானே பிள்ளை?”

“ஆமாங்க டீச்சர்.”

“ஏன்?”

சுபாஜினி ஸ்வெட்டர் கையை முறுக்கிக்கொண்டு நின்றாள். டீம் பேர்கள் இன்றைக்கே பதுளைக்குப் போக வேண்டும் என்றும், காரணம் சொல்லாவிட்டால் அவள் பேரை வெட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் டீச்சர் சொன்னார்.

“வெட்டுங்க டீச்சர். யாருக்கும் சொல்றதில்லன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

இதைக் கேட்டு ரமேஸுக்கு இன்னும் எரிந்தது. டீச்சர் போனைத் திறக்கச் சொன்னார். சுபாஜினி திறந்து கொடுத்தாள். டீச்சர் முதலில் இருந்தே சத்தமாக வாசித்தார்.

எல்ல ஊரில் நடந்த பயிற்சி வகுப்பில் சுபாஜினிக்கும் றஷீதாவுக்கும் பழக்கமாகியிருந்தது. ‘அக்கா, ஈரத் தரையில எங்க சக்கரம் வழுக்குது. யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியல’ என்று சுபாஜினி எழுதியிருந்தாள். ‘சைக்கிள் டியூப் வெட்டிச் சுத்துங்க, ஒரு சுத்து போதும்’ என்று பதில்.

ரமேஸ் தலையைக் குனிந்தான். ‘டியூப் சுத்திப் பார்ப்போமா அண்ணா’ என்று சுபாஜினிதான் கேட்டாள். அவன் அதைத் தன் யோசனையாகவே சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தான்.

அடுத்தது வயர் படங்கள். எந்த வயர் மாறியிருக்கிறது என்று றஷீதா வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். டீமில் இன்னொருவனான துஷாந்த் தன் பேரில் எழுதவைத்த வெற்றி அது. வெளிச்சம் படாமல் அடியில் கறுப்பு அட்டை கட்டச் சொன்னதும் அவள்தான். அதற்குக் கைதட்டு வாங்கியது கலாராணி.

‘நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லிடாத தங்கச்சி. எங்க சாருக்குத் தெரிஞ்சா என்னை டீம்ல வச்சிருக்க மாட்டாங்க.’

கடைசிச் செய்தி இன்று காலையில் வந்தது.

‘எங்களது வளைவில நின்னுருது. உங்களது எப்படித் திரும்புது? சொல்ல இஷ்டமில்லன்னா பரவாயில்ல.’

அதற்குப் பதில் போகவில்லை.

“அது ரமேஸ் அண்ணா ஒத்தையில செஞ்சது டீச்சர்” என்றாள் சுபாஜினி. “அவர்கிட்ட கேக்காம நான் எப்படிச் சொல்றது?”

உண்மைதான். பொங்கல் லீவு முழுக்க அவன் உட்கார்ந்து செய்த வேலை அது. போட்டியே தடத்தின் அந்த வளைவில்தான் இருக்கிறது. அதில் திரும்பாத ரோபோ ஜெயிக்காது. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பண்டாரவளை அங்கேயே நின்றுவிடும்.

ரமேஸ் போனைக் கேட்டான். டீச்சர் தயங்கித்தான் கொடுத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, நெடுநேரம் எழுதினான். பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை. கால் மணி நேரம் கழித்து றஷீதாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, போனைக் கொண்டுவந்து சுபாஜினியிடமே கொடுத்தான்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் போய்ச் சோக்கைக் கையில் எடுத்தார்.

“சரி, இந்தக் கிழமை வெற்றியைச் சொல்லுங்கோ. ரமேஸ், முதல்ல நீ.”

“எம்பேர் வேணாம் டீச்சர்” என்றான் ரமேஸ். “பண்டாரவளை ரோபோ வளைவுல திரும்பிருச்சுன்னு எழுதுங்க.”