கடலடியில் ஒரு விசாரிப்பு

உப்பு படிந்து மங்கிய திரையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு இவள் கண் கொட்டாமல் பார்க்கிறாள். படகில் உட்கார்ந்து கடலடிக் கேமராவைக் கவனிப்பது இவள் வேலை. திரையில் பச்சை வெளிச்சம் நெளிகிறது. எவனோ விட்டுப்போன வலை பவளப்பாறையைச் சுற்றிக் கிடக்க, இவள் கணவனும் அவனோடு முங்கியிருக்கும் ஆராய்ச்சிக்காரியும் அதைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறார்கள். ஒரு பவளக் கிளைகூட ஒடியாமல் அவன் விரல்கள் அத்தனை பதமாக நகர்கின்றன. வீட்டில் ஒரு தம்ளரை உடைக்காமல் கழுவத் தெரியாத விரல்கள். ஆராய்ச்சிக்காரியின் காற்றுக்குழாயில் வலை மாட்டுகிறது. அவன் பாய்ந்துபோய் விடுவிக்கிறான். அவள் முகத்துக்கு நேரே குனிந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுகிறான். நல்லா இருக்கியா என்று கேட்கும் சைகை. அவளும் வளையம் காட்டுகிறாள். இருவர் மூச்சும் ஒரே குமிழிக் கொத்தாகப் படகோரம் வந்து உடைகிறது. “தண்ணிக்குள்ள அண்ணன் எவ்வளவு பேசுறாரு பாத்தீங்களா அண்ணி? கரையில வாயே தொறக்க மாட்டாரே!” என்று எஞ்சின்காரன் சிரிக்கிறான். “அடியில அப்படித்தான் கேட்டுக்கிட்டே இருக்கணும். அது வேலை,” என்று இவள் வெடுக்கென்று சொல்கிறாள். காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதுகூட இவளை அவன் இப்படிக் குனிந்து கேட்டதில்லை. திரையில் அவன் மறுபடியும் வளையம் காட்டுகிறான். ஆராய்ச்சிக்காரி வலையில் மும்முரமாக இருக்கிறாள், கவனிக்கவில்லை. பதில் வராத கை நீரில் அப்படியே நிற்கிறது. படகில், எஞ்சின்காரன் பார்க்காத பக்கமாக, மடிமேல் இவளுடைய இரண்டு விரல்கள் மெல்ல வளையமாகச் சேர்கின்றன.