இடம் மாற்றாதே

“காப்போம் காப்போம்! காண்டாமிருகம் காப்போம்!”

கோச்சடை மெயின் ரோடே அதிர்ந்தது. பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

லாசர் சார் பிளாஸ்டர் ஒட்டிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவருக்கே நம்ப முடியவில்லை.

ஜூலையில் புலிகள் தினத்துக்கு ஊர்வலம் விட்டபோது இதே பிள்ளைகள் நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல முனகின. இன்றைக்கு என்னடாவென்றால் தொண்டை கிழிகிறது. அதுவும் எங்கோ அசாமில் மேயும் ஒரு மிருகத்துக்காக!

பாடம் எடுத்தால் இப்படியல்லவா எடுக்கவேண்டும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

உள்ளதைச் சொன்னால், காண்டாமிருகத்தைக் காப்பாற்றுவது அவருக்கு இரண்டாவது வேலைதான். ஊர்வலமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். பள்ளித் தாளாளர் ஃபாதர் அவரை ராமநாதபுரம் பக்கம் மாற்றப்போவதாகப் பேச்சு. இந்த வயதில், சர்க்கரை மாத்திரையும் கையுமாக, மனைவி தெரசாவை இங்கே விட்டுவிட்டு அங்கே தனியாகச் சோறு பொங்கித் தின்பதா? நேரில் போய்க் கெஞ்சினார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் ஃபாதர்.

இன்று வெள்ளி. இப்படி ஒரு வாத்தியாரையா விடுவது என்று ஃபாதர் மனசு இளகவேண்டும். அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம்.

முன்னால் போன பிளஸ் ஒன் ராஜஸ்ரீ தூக்கிப் பிடித்த அட்டையில், காண்டாமிருகத்துக்குக் கண்ணாடி மாட்டி வரைந்திருந்தார்கள். சின்னப்பிள்ளைத்தனம் என்று விட்டுவிட்டார். இத்தனை வருட சர்வீஸில் தனக்கு ஒரு பட்டப்பெயர்கூடக் கிடையாது என்று வீட்டில் பீற்றிக்கொள்கிற மனிதர் அவர். பிள்ளைகள் மேல் அப்படியொரு நம்பிக்கை.

பள்ளிக்கூட வாசலில் ஃபாதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவரைக் கண்டதும் எங்கிருந்துதான் கிளம்பியதோ, ஒரு புதுக் கோஷம்.

“மாற்றாதே மாற்றாதே! காண்டாமிருகத்தை இடம் மாற்றாதே!”

லாசர் சாருக்குப் பகீரென்றது. ஐயோ, தப்பு! அடிப்படையே தப்பு! விலங்கியல் வாத்தியார் மானம் கப்பலேறுகிறதே, அதுவும் ஃபாதர் முன்னால்!

பாய்ந்து போய் ஊர்வலத்தை மறித்தார்.

ராஜஸ்ரீ கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினாள். அவருக்கா புரியும்?

“சார், பேசாம இருங்க சார். எங்க காண்டாமிருகம் இங்கனயே இருக்கட்டும்” என்றாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

“இருக்கக் கூடாதும்மா! எம்புட்டு தடவ சொல்லிருக்கேன்? எல்லாத்தையும் ஒரே காட்டுல வச்சிருந்தா, ஒரு வெள்ளம் வந்தா அம்புட்டும் போச்சு! அதான் புடிச்சு வேற காட்டுல கொண்டுபோய் விடுறாங்க. இடம் மாத்துனாத்தான் அதுக்கு நல்லது!”

அடிவயிற்றிலிருந்து கத்திய கத்தல் எதிர்த்த டீக்கடைவரை கேட்டது. பேசி முடித்ததும், எப்படி என்பதுபோல ஃபாதரைப் பார்த்தார்.

ஃபாதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“சாரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன, மாத்திருவோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அத்தனை பிள்ளைகளும் லாசர் சாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜஸ்ரீயின் கை தளர்ந்து, அட்டை அவர் நெஞ்சுக்கு நேராக இறங்கியது.

அப்போதுதான் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். காண்டாமிருகத்தின் கண்ணாடியில், இடது பக்கம், சின்னதாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டர்.

கொம்பு ஒன்றுதான் அவருடையது இல்லை.