மணிக்கூண்டில் பிறந்தவள்

பண்ணை அடிமையான குப்பச்சி நிறைமாத வயிற்றோடு தப்பி வந்து நகரத்து மணிக்கூண்டில் ஒளிந்துகொண்டாள். ஓடிவருகிறவர்களுக்கு அங்கே இடமுண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். கடிகாரம் பார்க்கும் அருளப்பன் எதுவும் கேட்காமல் மேல்தளத்தில் சாக்கு விரித்துக் கொடுத்தான். மறுநாள் காலை அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. அவன் மனைவி ரெஜினாதான் பிரசவம் பார்த்தாள்.

குழந்தையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பண்ணை ஆட்கள் கீழே வந்து கதவை இடித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. குப்பச்சி பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினாள்.

"கைய எடுடி, புள்ள நல்லா அழட்டும்!" என்ற ரெஜினா, எட்டி மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். நேரங்கெட்ட நேரத்தில் மணி விடாமல் அடித்தது. கடைத்தெருவே அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. அருளப்பன் எண்ணெய்க் கையோடு இறங்கிப்போய்க் கதவைத் திறந்தான்.

"கடிகாரம் மக்கர் பண்ணுதுங்க. மேல வந்தா காது போயிரும்!" என்று கத்தினான்.

வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, திட்டியபடியே போய்விட்டார்கள்.

மணி ஓய்ந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பேரு வைக்கப் போற?" என்று ரெஜினா மூச்சு வாங்கக் கேட்டாள்.

பண்ணையில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டைதான் பெயர் வைப்பார், வாயில் வந்ததை.

"நானா வைக்கணும்?"

"பின்ன? பெத்தவ நீதான?"

குப்பச்சி சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். தெரிந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சிலது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்ததைச் சொன்னாள்.