ஆமாவா, இல்லையா?

"யாரோ உங்களைப் பின்தொடர்ந்து வர்ற மாதிரி நினைக்கிறீங்களா? ஆமாவா, இல்லையா?"

டாக்டரம்மா கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எதிரே உட்கார்ந்திருந்த தாயின் பாஷையில் சொன்னாள். அவளும் அதே தேசத்திலிருந்து முன்பே அகதியாக வந்தவள்தான்.

"நினைக்கிறது என்னக்கா, எல்லை வரைக்கும் துரத்திக்கிட்டு வந்தாங்களே!"

"ஆமாங்கறாங்க, டாக்டர்."

"மறுபடி கேளுங்க."

மறுபடியும் அதே பதில்தான்.

இந்தப் பரீட்சையில் தேறினால்தான் காப்பகத்தில் இருக்கும் மகள் அவளிடம் திரும்புவாள். மனநிலை சரியில்லை என்று மார்க் காட்டிவிட்டால் அவ்வளவுதான்.

"மத்தவங்களுக்குக் கேக்காத குரல் உங்களுக்குக் கேக்குதா?"

தாயின் முகம் மலர்ந்தது. "என் வீட்டுக்காரர் குரல்தான். செத்தும் என்னை விட்டுப் போகலையே மனுஷன்! விளக்கை அணைச்சதும், 'கதவைப் பூட்டினியா'ன்னு கேப்பார். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"கதை வேண்டாம். ஆமாவா, இல்லையா?"

"செத்தவங்க பேசுறது எங்க பக்கம் சாதாரணம், டாக்டர். அதைப் போய் யாரும் பைத்தியம்னு..."

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் கிடையாது. மறுபடி கேளுங்க."

"நான் ஏதாவது தப்பாச் சொல்றேனா அக்கா?" தாயின் குரல் உடைந்தது.

"கொஞ்ச நேரம் வெளியில உட்காரச் சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா.

கதவு சாத்தியதும் மொழிபெயர்ப்பாளர் பொரிந்து தள்ளினாள்.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுற மாதிரி கேட்டதையே கேக்குறீங்களே! நான் மாத்திச் சொல்றேன்னு சந்தேகமா? இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து ஒரு சொல்லைக்கூடக் கூட்டிக் குறைச்சு நான் சொன்னதில்லை!"

"அதாம்மா பிரச்சினையே."

டாக்டரம்மா பேனாவால் படிவத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இந்தக் கேள்வியை எழுதினவங்களை யாரும் எல்லை வரைக்கும் துரத்தினதில்லை. இதுல 'ஆமா' விழுந்தா பிள்ளை கைக்கு வராது. பதிலை மாத்தி எழுதினா என் வேலை போயிடும். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் எழுதணும். உங்க பாஷையோ எனக்குத் தெரியாது. இதுக்கு மேல நான் எப்படித்தான் கெஞ்சுறது? இன்னும் ஒண்ணையும் குறிக்கலை."

மொழிபெயர்ப்பாளர் கதவைத் திறந்து தாயை உள்ளே கூப்பிட்டாள்.

"குரல் கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்று விம்மினாள் தாய். "பொய் சொல்லச் சொல்லாதீங்க. அவரும் இல்லேன்னா எனக்கு வேற யாரு?"

மொழிபெயர்ப்பாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்கறாங்க, டாக்டர்."

டாக்டரம்மா நிதானமாகக் குறித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் சரியா மொழிபெயர்க்கறீங்க."