காதில் சொன்ன பெயர்

லீசாவின் சுவீடன் உறவினர் நாக்கிலும் லண்டன் பள்ளிக்கூடத்திலும் இடறாத பெயராக வேண்டுமென்று மாதக்கணக்கில் தேடி, அவளும் முகுந்தனும் மகளுக்கு நோரா என்று வைத்தார்கள். முப்பத்தோராம் நாள் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டிய அத்தை யாழ்ப்பாணத்தில் இருந்தாள். முகுந்தன் தன் அக்காவைக் கைபேசியில் அழைத்து, அதைத் தொட்டிலுக்குள் பிள்ளையின் காதோரம் வைத்தான்.

“நீ கேக்கக்கூடாது. தள்ளி நில்லடா.”

அவன் ஜன்னலோரம் போய் நின்றான். வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கியது. கைபேசியைத் திரும்ப எடுத்தபோது அக்காவின் குரல் உடைந்திருந்தது.

“நோரா எண்டுதானே சொன்னீங்கள், அக்கா?”

“அது நீங்கள் வைச்ச பேர்” என்றவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டும் வாய் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் லீசா குளிக்கப் போனதும் முகுந்தன் தொட்டிலருகே குனிகிறான். பெயர் தேடிய நாட்களில் பட்டியலில் எழுதக் கூச்சப்பட்ட தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாக அந்தக் காதில் சொல்லிப் பார்க்கிறான். செத்துப்போன அம்மாவின் பெயரையும் சொல்லியாயிற்று. பிள்ளை அவன் வாயையே பார்த்தபடி, இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.