ஒஸ்லோவுக்கு மிச்சமிருந்த தூரம்

ஆயுளுக்கு இவ்வளவு தூரம்தான் பறக்கலாம் என்ற சட்டத்தில், சூரிச்சில் இருந்த கீர்த்தனனுக்கு ஒஸ்லோ போய்த் திரும்ப ஒரேயொரு பயணம்தான் மிச்சம். இரண்டரை மணி நேரப் பறப்பு. அங்கே அப்பாவை வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்கள்.

"இப்ப வந்தா, பிறகு கொள்ளி வைக்க வரேலாதப்பா," என்றான் காணொளி அழைப்பில்.

"என்ன கொள்ளி? இஞ்ச மின்சாரச் சுடலையில ஒரு பட்டன்தானேடா. உன்ர தங்கச்சி அமத்துவாள்."

"மூத்தவன் வரேல்லையெண்டு சனம் கதைக்குமே?"

"கதைக்கட்டும். எனக்குக் கேக்கவே போகுது? நான் கதைக்கக்கூடிய நேரம் வா."

கீர்த்தனன் டிக்கெட் எடுத்தான். திரையில் மீதித் தூரம் பூச்சியமானது.

"எடுத்திட்டன். நாளைக்குப் பின்னேரம் அங்க நிப்பன்."

அப்பா நரைத்த தாடியைத் தடவினார்.

"அப்ப தங்கச்சியைக் கொண்டு காலமையே சவரம் எடுப்பிக்கோணும். நீ கடைசியாப் பாக்கிற முகமெல்லே," என்றார்.